நாற்பது என்றார்

எதையும் சும்மா விட்டுவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. குழாய் சொட்டினால் சொல்வேன். செருப்பு கோணலாகக் கிடந்தால் சொல்வேன். டிவியில் செய்தி வாசிக்கிறவர் ஒரு வார்த்தையை விழுங்கினால், கேட்காது என்று தெரிந்தும் அவரிடமும் சொல்வேன். என் கணவர் எனக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டரம்மா. "நம்ம வீட்டுக்கு காலிங் பெல்லே வேணாம், வாசல்ல யாராவது கால மாத்தி வச்சா உள்ளேருந்து சத்தம் வந்துடும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அதுவும் என் எதிரிலேயே.

அப்படிப்பட்ட நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன். கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் நான் அடக்கமாக இருந்தது அந்த மூன்று நாள்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

எங்கள் முன்னறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல் தொட்டி இருக்கிறது. உப்புத் தண்ணீர், பாறைகள், இரண்டு கோமாளி மீன், மணலைக் கிளறிக்கொண்டே திரியும் நத்தைகள், பிறகு பவளங்கள். பவளம் என்றதும் நகைக்கடை ஞாபகம் வரவேண்டாம். இது உயிருள்ளது. அடியில் கல் மாதிரி எலும்பு, மேலே சதை. எங்கள் தொட்டியில் நடுநாயகமாக இருந்தது சுத்தியல் பவளம். அதன் விரல்களின் நுனி ஒவ்வொன்றும் குட்டிச் சுத்தியல் போல இருக்கும், தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். என் மகளுக்கு ஒன்பது வயதில் வாங்கியது. விரல்கள் கொத்தாக முளைக்கிற கிளை நுனிக்குத் தலை என்று பெயர். அப்போது இரண்டே தலை, கட்டைவிரல் அளவு. ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு தலையாகப் பிரிந்து ஒரு பெரிய முட்டைக்கோஸ் அளவுக்கு வந்திருந்தது.

மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். பெயருக்கு ஏற்ற நடத்தைதான். அவள் படிக்க வேறு ஊருக்குப் போய் ஆறேழு மாதம் ஆகிறது. இவருக்குப் பேச்சு வராது. போனை எடுத்தால் "சாப்டியா", "தூங்கினியா", அதோடு சரக்கு தீர்ந்துவிடும். தொட்டியைப் பற்றி என்றால் மட்டும் அரை மணி நேரம் ஓடும். வாரா வாரம் சுத்தியல் பவளத்தைப் படம் எடுத்து அனுப்புவார். அவள் தலைகளை எண்ணிப் பதில் போடுவாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே இருந்த ஒரே பேச்சு அந்தப் பவளம்தான். அது போனால் இவருக்கு அவளிடம் சொல்ல ஒன்றுமே இருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். இவருக்குச் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, பழுப்பு எல்லாம் ஒரே குழப்பம்.

இதை இவர் என்னிடம் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் பச்சை நூல் வாங்கிவரச் சொன்னேன். நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை செய்கிறவள், நூல்தான் எனக்குச் சோறு. பழுப்பு நூல் வந்தது. இவருடைய அண்ணன் எதிரில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கடையில லைட் சரியில்ல" என்றார். அப்போது இவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றது. திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது அந்த முகம். பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. இவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். ஒயருக்கு நிறம்தான் பாஷை. இவரோ ஒவ்வொரு ஒயரிலும் சின்னதாக நம்பர் ஒட்டாமல் தொடமாட்டார், மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் முடுக்கமாட்டார். "அவர மாதிரி பொறுப்பு யாருக்கு வரும்" என்று மேனேஜர் மெச்சுவார். பொறுப்பு இல்லை ஐயா, பயம்.

அன்றிலிருந்து நான் அதைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. இவர் சட்டையையும் பேண்ட்டையும் ஜோடி சேர்த்து ஒரே ஹேங்கரில் மாட்டிவைப்பேன். சாக்ஸ் எல்லாம் கறுப்பு. காய்கறி வாங்க நானே போவேன். ஏன் என்று இவரும் கேட்டதில்லை.

தொட்டித் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தண்ணீர் எடுத்து, இரண்டு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, நன்றாகக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தால் நிறம் மாறும். கூடவே ஒரு அட்டை. அதில் அடியில் எலுமிச்சை மஞ்சள், மேலே போகப் போக ஆரஞ்சு, செங்கல் சிவப்பு, உச்சியில் மாதுளைச் சிவப்பு. குழாயை அட்டையோடு ஒட்டிவைத்து எந்த நிறத்தோடு சேர்கிறதோ அந்த எண்தான் நைட்ரேட். மீன் தின்னும் தீனி, போடும் கழிவு எல்லாம் கடைசியில் நைட்ரேட்டாகத்தான் தண்ணீரில் தங்கும். ஒன்பது வருடம் அந்தக் குழாயைப் பார்த்துச் சொன்னது வாலு. "டாக்டரம்மா, ரிப்போர்ட் என்ன?" என்று இவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு "பத்து" என்பாள். விளையாட்டு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எனக்கு மட்டும் தெரியும் அது எதற்கு என்று.

அவள் போனபின் நாலைந்து மாதம் இவர் குழாயையே எடுக்கவில்லை. வீடு வெறிச்சென்று இருந்ததில் இவர் மீன்களுக்குத் தீனி போடுவதைப் பொழுதுபோக்காக்கிக்கொண்டார். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், இடையில் அதுகள் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்தால் பாவம் என்று இன்னும் கொஞ்சம். பாறையில் பாசி அடை அடையாகப் படர்ந்தது. சுத்தியல் பவளம் கறுத்துப்போய் அழுக்குத் துணி மாதிரி ஆயிற்று. நானும் கத்தினேன். கடைசியில் ஒரு புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தொட்டிக்கடைக்குப் போனோம்.

தொட்டிக்கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். குழாயைக் குலுக்கி அட்டையில் வைத்துவிட்டு, "எம்பது! சார், நீங்க மீன் வளக்கல, உரம் தயாரிக்கிறீங்க" என்றார்.

"உடனே எறக்கணும். என்ன போடணும்?" என்று இவர் கேட்டார்.

"உடனே எறக்கினா உடனே சாகும். இதுங்க எம்பதுக்குப் பழகிடுச்சு. படிப்படியாத்தான் எறக்கணும். மொதல்ல தீனியக் கொறைங்க. வாரம் ஒரு தடவ பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, அதுக்கு மேல வேணாம். நுரை எடுக்கிற மிஷினத் தெனம் கழுவுங்க. அப்புறம் வினிகர்."

"வினிகரா?" என்றேன் நான்.

"சமையல் வினிகர்தான்மா. தெனம் காலைல மூணு மில்லி. தண்ணில இருக்கிற பாக்டீரியா அதத் தின்னு பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் சேத்துத் தின்னும். வாரத்துக்கு ஒரு மில்லி ரெண்டு மில்லி ஏத்தலாம். ஆனா ஒண்ணு." விரலை நீட்டினார். "பத்துக்கு வந்ததும் பாதியாக் கொறைக்கணும், அஞ்சுல நிறுத்திடணும். சைபருக்குப் போச்சுன்னா பவளம் பட்டினி கெடந்து வெளுத்துடும். வினிகரு ரொம்ப அதிகமாச்சுன்னா பாக்டீரியா கொழுத்து தண்ணில இருக்கிற காத்த எல்லாம் குடிச்சிடும். அதனால வாரா வாரம் டெஸ்ட் பண்ணுங்க. டெஸ்ட்தான் சார் இதுல கண்ணு."

கண்ணு என்று அவர் சொன்னதும் நான் இவரைப் பார்த்தேன். இவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

இவர் வேலையில் குறை சொல்ல முடியாது. நானே சொல்கிறேன். தீனியை மருந்து மாதிரி அளந்து போட்டார். உப்புத் தண்ணீரை முந்தின நாளே கலந்து, சூடு சரிபார்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் மாற்றினார். ஊசி கழற்றிய சிரிஞ்சில் வினிகரை இழுத்து, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் மெல்ல விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாயை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வருவார். அங்கே ஜன்னல் பெரியது. நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். என் பக்கத்தில் நின்று, குழாயை அட்டையில் வைத்து, எனக்குக் கேட்கிற மாதிரி எண்ணைச் சொல்லிவிட்டு எழுதுவார்.

முதல் வாரம் "அறுபது" என்றார். ஓரக்கண்ணால் பார்த்தேன். இருக்கலாம். அடுத்த வாரம் "அம்பது". சரிதான். மூன்றாம் வாரம் "நாப்பது" என்றார். அசல் செங்கல் நிறம், நாற்பதேதான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒருவேளை இத்தனை வருடமாக நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ, இவருக்கு நன்றாகவே தெரிகிறதோ என்றுகூடத் தோன்றியது. பாசி உதிர்ந்தது. சுத்தியல் பவளம் கறுப்பு நீங்கி அழகாகப் பச்சைக்குத் திரும்பியது.

நான்காம் வாரம் குழாயைத் தூக்கினார். வெயில் அதற்குள் இறங்கியது. எனக்கு நிறம் பார்ப்பது தொழில். ஒரே பச்சையில் பதினெட்டு நூல் கொடுத்தாலும் பிரித்து வைப்பேன். அந்தக் குழாயில் இருந்தது சிவப்பு கலந்த ஆரஞ்சு. இருபது.

"நாப்பது" என்றார்.

கத்தி வெங்காயத்தில் நின்றது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் என் பக்கம் ஒரு முறை திரும்பினார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். இவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இருபதுக்கும் நாற்பதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அடுத்த வாரம் இவருக்கே தெரிந்துவிடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் குழாயில் நல்ல ஆரஞ்சு. ஆரஞ்சுப் பழத்தோலே கெட்டது. பத்து. "நாப்பது. எறங்க மாட்டேங்குது பாரேன்" என்றார். வினிகரை இன்னும் ஏற்றினார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சொல்லிவிடலாம். "என்னங்க, அது ஆரஞ்சு" என்று மூன்றே வார்த்தை. ஆனால் மூன்று வார்த்தையோடு அது நிற்காது. இவர் எதை மறைத்து இத்தனை வருடம் தலை நிமிர்ந்து வேலைக்குப் போய் வந்தாரோ அதை நான் பட்டப்பகலில் வெங்காயத்தோலோடு சேர்த்துக் கொட்டியதாக ஆகிவிடும். ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. தன் கண்ணை நம்ப முடியாது என்று வீட்டிலேயே நிரூபித்துவிட்டால், திங்கட்கிழமை காலை எந்தத் தைரியத்தில் மின்பெட்டியைத் திறப்பார்? அந்த நூல் நாளின் முகத்தை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சொன்னால் இவர் உடைவார், சொல்லாவிட்டால் பவளம் சாகும். இரண்டுக்கும் நடுவில் நின்று நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

வாலுவிடம் சொல்லி, அவளை விட்டு இவரிடம் பேசச் சொல்லலாமா என்றால், அவளுக்கு இந்த விஷயமே தெரியாது. அப்பாவின் ரகசியத்தை மகளிடம் நான் எப்படிச் சொல்வது?

மறுநாள் இவருக்குத் தெரியாமல் ஒரு புட்டித் தண்ணீரோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரமாதம்மா. பத்துக்குக் கீழ வந்துட்டீங்க. வினிகரப் பாதியாக்குங்க, அப்படியே நிறுத்துங்க. சார் கெட்டிக்காரர்தான்."

வீட்டுக்கு வந்து இவரிடம், "கடைக்காரரப் பாத்தேன். வினிகர் போதும், கொறைச்சுக்கலாம்னாரு" என்றேன்.

"அவன் தண்ணியப் பாத்தானா?"

பார்த்தார் என்று சொன்னால், நீ எதுக்குத் தண்ணீர் கொண்டுபோனாய் என்று வரும். "இல்ல, பொதுவாச் சொன்னாரு."

"பொதுவாச் சொல்றத வச்சு எப்படி? இங்க நாப்பதுல நிக்குதே. அவன் சொன்னதே பத்துல கொறைங்கன்னுதான."

அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத போது மனுஷர் பேசாமல் இருக்க வேண்டும். நான் கெட்டிக்காரி அல்லவா, ஒரு வேலை செய்தேன். இவர் வேலைக்குப் போனதும் வினிகர் பாட்டிலில் பாதியைத் தொட்டியில்... இல்லை, கழுவுகிற தொட்டியில் கொட்டிவிட்டு அந்த அளவுக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றி வைத்தேன். வினிகரும் நிறமற்றது, தண்ணீரும் நிறமற்றது. எனக்கே கண்டுபிடிக்க முடியாது. இவர் பத்து மில்லி போட்டால் ஐந்துதான் போகும். யார் மனமும் நோகாமல் காரியம் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

ஆறாம் வாரம் குழாயில் எலுமிச்சை மஞ்சள். துளி ஆரஞ்சுகூட இல்லை. மணலில் பழுப்பாக ஒரு வழவழப்பு படர்ந்து, அதில் நூல் நூலாகக் குமிழிகள். சுத்தியல் பவளம் பாதி சுருங்கி, பச்சை போய்க் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பசி அது. இவர் அதை அழுக்கு என்று எடுத்துக்கொண்டார்.

குழாயை அன்று அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு நேரே ஒரு முறை, என் முகத்துக்கு நேரே ஒரு முறை. "நாப்பது. இன்னும் நாப்பதுதான். இல்லியா?" என்றார்.

இல்லையா என்று கேட்டார். இப்போது யோசித்தால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க இவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று புரிகிறது. அப்போது எனக்கு என் பாட்டிலில் இருந்த தண்ணீர்தான் தெம்பாக இருந்தது. "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைச் சிறிதாக்கினேன்.

இவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து வினிகரை இரண்டு மடங்காக்கினார். பத்து மில்லி இருபது ஆயிற்று. ஆகட்டும், அதில் பாதி தண்ணீர்தானே, பழைய பத்துதானே போகிறது என்று கணக்குப் போட்டேன். இருபது இருபதாக இழுத்தால் பாட்டில் சீக்கிரம் காலியாகும் என்ற கணக்கை மட்டும் போடவில்லை. புதன்கிழமை துணிக்கடை வேலை முடிந்து நான் வரும் முன்பே இவர் புது பாட்டில் வாங்கிவந்து, தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்துவிட்டார்; வழக்கமான இடம்தானே என்று என்னிடம் சொல்லவும் இல்லை. பழைய பாட்டிலைக் குப்பையில் போட்டிருந்தார். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் இருபது மில்லி சுத்த வினிகர் உள்ளே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தால் தொட்டி பால் ஊற்றிய மாதிரி இருந்தது. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. இவர் ஏற்கெனவே எழுந்து, காற்றடிக்கிற பம்ப்பை உள்ளே விட்டுவிட்டு, ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். சுத்தியல் பவளத்திலிருந்து சதை பழுப்புக் கூழாகக் கழன்று, தண்ணீர் ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து போய்க்கொண்டிருந்தது. அது போகிற வழியில் வெள்ளை எலும்பு. கையால் பிடித்து நிறுத்த முடியாது. தொட்டால் இன்னும் போகும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கு முதல் தடவையாக ஜோக் வரவில்லை. "வினிகர நிறுத்துங்க. காத்து நல்லா விடுங்க. கொஞ்சமாத் தண்ணி மாத்துங்க. அப்புறம் ஒண்ணும் பண்ணாதீங்கம்மா. என்னத்தப் போட்டாலும் இப்ப கெடுதல்தான். நிக்கிறது நிக்கும், போறது போகும். பாத்துக்கிட்டு இருங்க."

பார்த்துக்கொண்டு இருந்தோம். முன்னறையில் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேறு வேலை தெரியாதவர்கள் மாதிரி. இவர் ஒரு தடவை எழுந்து குழாயில் தண்ணீர் எடுத்தார். மருந்து விட்டார், குலுக்கினார். சமையலறைக்குப் போகவில்லை. அங்கேயே அட்டையில் வைத்துப் பார்த்தார். நிறம் பளிச்சென்ற மஞ்சள்.

"நாப்பதா?" என்றார். எழுதவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"சைபருங்க" என்றேன். "போன வாரமே சைபர்தான். அதுக்கு முந்தின வாரம் பத்து. அதுக்கு முன்னாடி இருபது."

இவர் குழாயைக் கீழே வைத்தார். கத்துவார், எழுந்து வெளியே போய்விடுவார் என்று காத்திருந்தேன். அட்டையையும் அதன் பக்கத்தில் நேராக வைத்தார்.

"உங்களுக்குக் கலர் சரியாத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "ரொம்ப நாளா. சொன்னா நீங்க நொந்துபோவீங்கன்னுதான்..."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார்.

நான் நாற்காலியை இவர் பக்கம் திருப்பினேன்.

"ஒரே ஹேங்கர்ல சட்டையும் பேண்ட்டும் தொங்குது. வீட்டுல சாக்ஸ் எல்லாம் கறுப்பு. நான் என்ன மடையனா? கேக்கத்தான் வாய் வரல. அதனாலதான் குழாய எடுத்துக்கிட்டு உன்கிட்ட வந்தேன். முன்னறையிலயும்தான் ஜன்னல் இருக்கு. நம்பரச் சத்தமாச் சொன்னேன். நீ எல்லாத்துக்கும் சொல்லுவியே. உப்பு ஒரு கல்லு கூடினா சொல்லுவ, கதவு ஒரு நூல் தெறந்திருந்தா சொல்லுவ. நான் தப்பாச் சொன்னா விடுவியா நீ? நீ வாயத் தொறக்கலன்னா சரியாத்தான் இருக்குன்னு எழுதினேன்."

பிறகு நான் பாட்டில் விஷயத்தையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லுகிற புத்தி திரும்பி வந்தது. பாதி கொட்டியது, தண்ணீர் ஊற்றியது, கடைக்குப் போய்ப் பார்த்தது. இவர் விரலை மடக்கி நாள்களை எண்ணினார்.

"அப்ப அந்த வாரம் நான் இருபதாக்கினது..."

"ஆமா."

"ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இவ்வளவு போட்டும் ஏன் ஒண்ணும் நடக்கலன்னு." கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அதில் இருவரும் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம்.

மீன்கள் பிழைத்தன. தண்ணீர் நான்கு நாளில் தெளிந்தது. தெளிந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது: முப்பத்தொரு தலையில் சதையோடு இருந்தது மூன்று. அதுவும் சுருங்கி, வருமா போகுமா என்று சொல்ல முடியாத நிலையில். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, நைட்ரேட்டை ஐந்துக்கு ஏற்றி அங்கேயே நிறுத்தச் சொன்னார். ஏற்றுவதும் மெதுவாகத்தான். தீனியைக் கொஞ்சம் கூட்டி, இரண்டு வாரம் விட்டுப் பார்த்து. "இதுக்கு மேல உங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த வாரம் வாலு படம் கேட்டாள். நான் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். இவர் போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். "சாப்டியா" கேட்கிற மனுஷர். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "சொல்லிட்டேன்" என்றார். பவளத்தைப் பற்றியா என்று கேட்டேன். "எல்லாத்தையும்" என்றார். நான் இருபத்து மூன்று வருடம் பொத்திப் பொத்திக் காத்ததை இவரே சொல்லியாயிற்று. நல்லதுதான், இனி நான் தாராளமாக வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குழாயோடு சமையலறைக்கு வந்தார். எனக்கு மனம் லேசாயிற்று. கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய், குழாயை அட்டையில் நானே வைத்து, வெளிச்சத்தில் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன்.

"அஞ்சு" என்றேன். "சுத்தமா அஞ்சு."

"அஞ்சா?"

"ஆமாங்க. மஞ்சளோட துளி ஆரஞ்சு. அஞ்சுதான்."

"சரி" என்றார். நோட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார், எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, குழாயையும் அட்டையையும் சேர்த்துப் படம் பிடித்து, வாலுவுக்கு அனுப்பினார். அவள் தூங்கி எழுந்திருக்க மாட்டாள், ஞாயிற்றுக்கிழமை. இவர் அந்த ஜன்னலோரத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினேன். முக்கால் மணி நேரம் கழித்து போன் சிணுங்கியது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாலுவின் பதிலைப் படித்தார். பிறகு நோட்டில் ஐந்து என்று எழுதினார்.